சுமக்காத தூண்

போன வைகாசியில் பொள்ளாச்சி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். சித்தப்பா மகள் கல்யாணம். முகூர்த்தம் முடிந்து பந்திக்குக் கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்தது. கால் வலிக்கிறதே என்று வாசல் தூணில் சாய்ந்தேன். தூண் நகர்ந்தது. விழவில்லை. ஓர் அங்குலம் உள்வாங்கி, நான் விலகியதும் பழைய இடத்துக்கே வந்து நின்றுகொண்டது. பத்தடி உயரம். உச்சியில் கிரேக்கத்து இலைக்கொத்து, இடுப்பில் நம்மூர்த் தாமரை, அடியில் யாளி. எல்லாவற்றுக்கும் மேலே பொன்னிற பெயின்ட்.

பக்கத்தில் நின்றிருந்த அப்பா விரல்முட்டியால் அதை ரெண்டு தட்டுத் தட்டினார். "ரெண்டு மேட்டுதான் போட்டிருக்கான். மூணு போட்டிருக்கோணும்" என்றார். பிறகு குனிந்து யாளியின் இடதுபக்க இலையில் கட்டைவிரலை வைத்தார். "இங்க பாரு கண்ணு, இந்த எலையில ஒரு வெட்டு இருக்குதல்ல. அது என்ற உளி வழுக்குனது."

அப்பா கணபதியில் ஒரு ஃபவுண்டரியில் 22 வருடம் பேட்டர்ன் மேக்கராக இருந்தவர். பம்புசெட்டுக்கும் மோட்டாருக்கும் இரும்பு வார்க்க, முதலில் மரத்தில் மாதிரி செதுக்கித் தருகிற வேலை. ஃபவுண்டரி மூடிய பிறகு அதே உளிகளை எடுத்துக்கொண்டு ஃபைபர் வேலைக்கு வந்தார். அவர் செய்த தூண் ஒன்றை யாரோ வாங்கிப்போய், அதன் மேலேயே மோல்டு எடுத்துவிட்டார்கள். இந்தத் தொழிலில் அது சகஜம். அதற்குப் பிறகு அந்த வெட்டுப்பட்ட இலையை ஈரோட்டில் பார்த்திருக்கிறார், தாராபுரத்தில் பார்த்திருக்கிறார், காங்கேயத்தில் ஒரு நகைக்கடை வாசலில் பார்த்திருக்கிறார். ஒரு நாள் சாயங்காலம் வழுக்கிய உளி, மாவட்டம் மாவட்டமாக வழுக்கிக்கொண்டே இருக்கிறது.

இதை எழுத எனக்கு ஒரு கூச்சம் இருக்கிறது. மூன்று வருடங்களுக்கு முன் இதே ஃபைபர் தூண்களைக் கிண்டலடித்து ஒன்று எழுதியிருந்தேன். 'கொங்குக் கொரிந்தியம்' என்று தலைப்பு. நண்பர்கள் ரசித்தார்கள். அப்பா அதைப் படித்திருக்கிறார் என்பது அன்று மண்டபத்தில்தான் தெரிந்தது. "நீ எழுதுன தூணு இதுதான்" என்றார், சிரித்துக்கொண்டேதான். அன்றைக்குப் பந்தியில் என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

ஆகவே இது அந்தப் பழைய கட்டுரைக்கு நானே எழுதும் மறுப்பு. முழு மறுப்பும் இல்லை. அந்தத் தூண் எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை. ஆனால் ஏன் பிடிக்கவில்லை என்று அன்று சொன்ன காரணம் தவறு.

*

அன்று சொன்ன காரணம் ஒற்றைச் சொல்: போலி. கல்லாக இல்லாதது கல்லாக நடிக்கிறது, சுமக்காதது சுமப்பதாக நடிக்கிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அவினாசி ரோட்டில் ஒரு மணிநேரம் பஸ்ஸில் போனாலே இந்த நடிப்பை வரிசையாகப் பார்க்கலாம். ஜவுளிக்கடை முகப்பில் யானைத்தலைகள், ஓட்டல் வாசலில் குத்துவிளக்கேந்திய பாவைகள், புது வீடுகளின் 'எலிவேஷனில்' பூக்கொடியும் சிங்கமுகமும். பாதிக்கு மேல் ஃபைபர். மீதி கண்ணாடி இழை கலந்த சிமென்ட் அல்லது பிளாஸ்டர்.

ஆனால் போலி என்ற குற்றச்சாட்டை எடுத்துக்கொண்டு பேரூருக்குப் போய்ப் பாருங்கள். பட்டீசுவரர் கோயிலின் கனகசபை நாயக்கர் காலத்தது, 17ஆம் நூற்றாண்டு. கஜசம்ஹாரர், ஊர்த்துவதாண்டவர், ஆலங்காட்டுக் காளி, வீரபத்திரர் என்று ஆளுயரத்துக்கு மேலான உருவங்கள் தூணோடு தூணாக நிற்கின்றன. அண்ணாந்தால் விதானத்திலிருந்து சங்கிலி தொங்குகிறது. கல்சங்கிலி. கல் ஏன் சங்கிலியாக வேண்டும்? சங்கிலி இரும்பின் வடிவம். கல் அங்கே இரும்பாக நடிக்கிறது.

ஆவுடையார்கோயில் கொடுங்கையில் கருங்கல் மரமாக நடிக்கிறது. சட்டங்களும் ஆணிகளும்கூடக் கல்லிலேயே செதுக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் காலத்துச் சிற்பிகள் வேலைக்கு ஒப்பந்தம் போடும்போது, ஆவுடையார்கோயில் கொடுங்கை, தாரமங்கலத்துத் தூண் போன்றவை நீங்கலாக எதையும் செய்து தருவோம் என்று எழுதுவார்களாம். அப்படி ஒரு சொல்வழக்கு. இன்னும் பின்னால் போனால் மாமல்லபுரத்து ரதங்கள். திரௌபதி ரதம் ஓர் ஓலைக்குடிசையின் கல்நகல். பீம ரதத்தின் கூரை மரச்சட்டக் கூரையின் கல்நகல். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமில்லாமல் கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டில் பெருமையாகக் கல்வெட்டு பொறித்துக்கொண்ட மகேந்திரவர்மனின் வழிவந்தவர்களே, கல்லில் மரத்தைத்தான் செதுக்கினார்கள்.

கிரேக்கர்களும் இப்படித்தான். அவர்களுடைய கல்கோயில் விளிம்பில் வரிசையாகத் தெரியும் கோடிட்ட கட்டங்கள் ஒருகாலத்து மர உத்திரங்களின் நுனிகள் என்று ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் விளக்கம் சொல்கிறார். நம் மண்டபத்துத் தூண் கிரேக்கத் தூணைப் போலச் செய்கிறது, கிரேக்கத் தூண் மரத்தைப் போலச் செய்தது.

மதுரை திருமலை நாயக்கர் மகாலைச் சொல்லாமல் விடமுடியாது. 1636. கட்டிப்பிடிக்க ஒருவர் கை போதாத அந்தத் தூண்களின் பளபளப்பு கல்லுடையதில்லை. செங்கல் கட்டுமானத்தின் மேல் கிளிஞ்சல் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கலந்து இழைத்த சாந்துப்பூச்சு. அதைப் போலி என்று யாரும் சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை. கடைச்சரக்குப் பூச்சு என்றால் போலி, நாயக்கர் பூச்சு என்றால் மரபு என்று பேசுவது விமர்சனம் ஆகாது.

*

அப்படியானால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? அப்பாவின் ஷெட்டில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தபோதுதான் எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது.

ஊரில் ஃபைபர் என்று சொல்வது கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் ரெசினும் சேர்ந்த ஒரு பொருள். கண்ணாடியை உருக்கி, மயிரைவிட மெல்லிய நூலாக இழுத்து, அதை நறுக்கிப் பாய்போலப் பரப்பியதுதான் மேட். நூற்பாலைகளால் வளர்ந்த ஊரில் இப்படியும் ஒரு நூல்.

முதலில் களிமண்ணிலோ மரத்திலோ பிளாஸ்டர் ஆஃப் பாரிஸிலோ ஒரு மூலவடிவம் செய்கிறார்கள். அதன்மேல் மெழுகு தேய்த்து, ஃபைபரிலேயே மோல்டு எடுக்கிறார்கள். மோல்டின் உட்புறம் மறுபடியும் மெழுகு. அதன்மேல் ஜெல்கோட் ஒரு பூச்சு. அது லேசாகப் பிசுபிசுக்கும்போது மேட்டைக் கிழித்துப் பரப்பி, ரெசினை பிரஷ்ஷால் குத்திக் குத்தி நனைக்க வேண்டும். பிறகு ரோலரை அழுத்தி உருட்டிக் காற்றுக்குமிழை விரட்ட வேண்டும். கேட்டலிஸ்ட் கலந்துவிட்டால் இருபது முப்பது நிமிடத்துக்குள் கையை எடுத்துவிட வேண்டும். சித்திரை வெயிலில் அதற்கும் முன்னாலேயே இறுகிவிடும். இறுகியதும் ஆப்பு வைத்துத் தட்டினால், பாம்பு சட்டை கழற்றுவதுபோல மோல்டிலிருந்து தூண் கழன்றுவரும். இரண்டு பாதிகளை ஒட்டி, விளிம்பைத் தேய்த்து, பெயின்ட் அடித்தால் முடிந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்தடி உயரம், ஓரடி விட்டமுள்ள உருளைத் தூண் கருங்கல்லில் ஏறக்குறைய 600 கிலோ வரும். அதே அளவில் 4 மில்லிமீட்டர் கனத்தில் ஃபைபர் ஓடு 18 கிலோ. ஒருவர் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறலாம்.

கனம் இல்லாதது குறையில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. கல் மறுத்துக்கொண்டே இருக்கும் பொருள். பேரூர்ச் சங்கிலியில் ஒரு வளையம் உடைந்தால் ஒட்டவைக்க வழியில்லை, மொத்தக் கல்லும் வீண். கல்லால் சங்கிலியாக முடியாது என்பதுதான் அந்தச் சங்கிலியின் அழகு. முடியாத ஒன்றின் விளிம்புவரை போய், இதற்குமேல் போனால் உடையும் என்ற இடத்தில் நிறுத்திய கை அங்கே தெரிகிறது. மகாலின் சாந்தும் அப்படித்தான். இத்தனை பெரிய உருட்சி செங்கலுக்கு இயல்பானதில்லை. அந்த மறுப்போடு மல்லுக்கட்டியதால் கல்லிலும் இல்லாத, செங்கலிலும் இல்லாத ஒரு புதுவழுவழுப்பு கிடைத்தது. அங்கெல்லாம் போலச்செய்தல் ஒரு பொருளை அதற்கே தெரியாத இடத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறது.

ரெசின் எதையும் மறுப்பதில்லை. யாளி கேட்டால் யாளி, ரோஜா கேட்டால் ரோஜா. மோல்டு எதுவோ அதுவாகிவிடும். மறுக்காத பொருளோடு உரையாடுவது கஷ்டம்.

மோல்டைப் பற்றி அப்பா சொன்ன ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். சுவாமிமலையில் மெழுகில் சிலை செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகம் ஊற்றி, கடைசியில் மண்ணை உடைத்துச் சிலையை எடுக்கிறார்கள். மூலமும் அழிகிறது, மோல்டும் அழிகிறது. மிஞ்சுவது ஒரே சிலை. ஃபவுண்டரியில் மரமாதிரி நிற்கும், மணல்மோல்டு ஒவ்வொரு வார்ப்புக்கும் உடையும். அதனால் ஒவ்வொரு முறையும் மணல் இடிப்பவர் புதிதாகக் கவனம் வைத்தாக வேண்டும். இரும்பு ஆறும்போது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு சுருங்கும் என்பதால், பேட்டர்ன் மேக்கர் அளக்கும் ஸ்கேலே அந்த அளவுக்குக் கூடுதலாக இருக்கும். இரும்பின் குணத்தை மரத்தில் முன்கூட்டியே எழுதுகிற வேலை அது. "ஃபைபர்ல மோல்டு அப்படியே நிக்கும் கண்ணு. ஒருக்கா செஞ்ச தப்ப நூறுக்கா செய்யோணும்" என்றார். பேரூர்த் தூணில் ஒரு சிற்பியின் கை பிசகியிருந்தால் அந்தப் பிசகு அந்த ஒரு தூணுக்கு மட்டும் சொந்தம். அப்பாவின் பிசகு யாருக்கும் சொந்தமில்லாமல் ஊர் ஊராகப் போகிறது. அவர் பெயர் எந்த மண்டபத்திலும் இல்லை. அந்த வெட்டுத்தான் இருக்கிறது.

*

இந்தத் தூணைப் பார்க்கவேண்டிய தூரம் ஒன்று உண்டு. இருபதடி. அதற்குக் கிட்டே போனால் பாதிகள் ஒட்டிய கோடு தெரியும், தட்டினால் டொக்கென்று உண்மையைச் சொல்லிவிடும். ஆனால் கல்யாணத்தில் அதை யார் தட்டப்போகிறார்கள்? அது கேமராவுக்கான தூண். ஆல்பத்தில் மாப்பிள்ளை பெண்ணுக்குப் பின்னால் நிற்பதோடு அதன் வேலை முடிந்தது.

இது கோவைக்குப் புதிதில்லை. சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜா ஸ்டுடியோவும் இங்கே இயங்கிய காலத்தில், தமிழ் சினிமாவின் அரண்மனைகள் பல இந்த ஊரில்தான் மரத்திலும் துணியிலும் பிளாஸ்டரிலும் எழும்பின. எம்.ஜி.ஆர். நடித்த 'மலைக்கள்ளன்' 1954இல் பட்சிராஜாவில் எடுத்த படம். செட் போடுகிறவர்களுக்கு ஒரு நேர்மை உண்டு. ஷூட்டிங் முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். செட்டைப் பிரிக்காமல் அதற்குள் குடிபோவதுதான் நம் காலத்தின் பழக்கம். 2010 மார்ச்சில் சென்னை ஓமந்தூரார் வளாகத்தில் புதிய சட்டமன்றத்தைத் திறந்தபோது குவிமாடம் கட்டி முடியவில்லை. சினிமாக் கலை இயக்குநர் தோட்டா தரணியை வைத்துத் தற்காலிகக் குவிமாடம் போட்டார்கள். பிரதமர் வந்து திறந்துவைத்தார். கட்டடமே பிறகு மருத்துவமனை ஆகிவிட்டது. சட்டமன்றத்துக்கே செட் போதும் என்றால், சித்தப்பா மகள் கல்யாணத்தை மட்டும் கிண்டல் செய்ய எனக்கு என்ன தகுதி?

இந்த இடத்தில்தான் என் பழைய கட்டுரை உண்மையிலேயே தோற்றது. அதில் நான் கல்தூண் வைத்த பழைய பண்ணை வீடுகளைப் பற்றி உருகி எழுதியிருந்தேன். வழவழத்த திண்ணை, எண்ணெய் மினுங்கும் தூண், அதில் சாய்ந்து வெற்றிலை போடும் கிழவர். மண்டபத்திலிருந்து திரும்பும் வழியில் அப்பா அதை நினைவுபடுத்தினார். "கல்லுத்தூணு வெக்க வக்கிருந்தவன் திண்ணையில நம்மள உக்கார உட்டானா? நாங்கெல்லாம் அந்தத் தூண வாசலுக்கு வெளிய நின்னுதான் பாத்தம்."

பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் 1947இல்தான் முழுமையாக வந்தது. அதற்கு முன்னால் எத்தனை தலைமுறைக்குப் பேரூர்க் கல்சங்கிலி ஒரு வதந்தி மட்டுமே! நான் மரபு என்று சொன்ன பல தூண்கள், எங்கள் வீட்டார் தொட்டுப் பார்த்திராத தூண்கள். 18 கிலோ எடையும் தவணையில் கொடுக்கக்கூடிய விலையுமாக ஒரு தூண் வந்தபோது, ஜனங்கள் அதை ஆசையாக வாங்கி வாசலில் வைத்தார்கள். தூண் வைத்த வீடு என்பது ஓர் அந்தஸ்து. அது இப்போது எல்லோருக்கும் எட்டுகிறது. அந்த ஆசையைப் பார்த்து ரசனைக்குறைவு என்று சிரிப்பது, திண்ணையில் உட்கார்ந்துகொண்டு சிரிப்பதுதான்.

கல் புனிதமும் இல்லை. திருமுருகன்பூண்டியில் ரோட்டோரப் பட்டறைகளில் கிரைண்டர் வைத்துக் கல்லை அறுக்கும்போது கிளம்பும் வெள்ளைத் தூசியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சிலிக்கா தூசி நுரையீரலைக் கல்லாக்கிவிடும். ஃபைபருக்கும் அதன் கணக்கு உண்டு. ரெசினிலிருந்து வரும் ஸ்டைரின் ஆவியை, புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளதென்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 2018இல் வகைப்படுத்தியிருக்கிறது. அப்பாவின் சட்டையில் அந்த இனிப்பான நெடி எப்போதும் இருக்கும். இழைத்தூள் பட்ட கை ராத்திரியெல்லாம் அரிக்கும். மாஸ்க் போடச் சொன்னால், அடுத்த நாள் மட்டும் போடுவார். தீத்தடுப்பு சேர்க்காத பாலியெஸ்டர் பற்றினால் கரும்புகையோடு எரியும். இறுகிவிட்டால் மறுபடி உருக்கிப் பயன்படுத்தவும் முடியாது. ஹோமகுண்டத்துக்குப் பத்தடி தள்ளி அதை நிறுத்துகிறோம். அலங்காரத்தைப் பற்றிப் பேசும்போது இதையும் பேசாமல் இருக்கக்கூடாது.

*

ஆக, என் மனக்குறை இப்போது இப்படி மிஞ்சியிருக்கிறது. ஃபைபர் எட்டாத தூணை எட்டவைத்தது, சரி. ஆனால் அதே தூணைத்தான் எட்டவைத்தது. நம்மை வெளியே நிறுத்திய அதே வாசலின் நகலை நம் வாசலில் நிறுத்தியிருக்கிறோம். ஒரு புதிய பொருள், புதிதாகப் பணம் பார்த்த ஜனங்கள், கைத்திறன் உள்ள தொழிலாளிகள் என்று மூன்றும் ஒரே ஊரில் கிடைத்தும், கேட்லாக்கில் இருப்பது அந்த யாளியும் அந்த இலைக்கொத்தும்தான். மரம் கல்லானபோது கொடுங்கை கிடைத்தது. கல் ஃபைபர் ஆனபோது நமக்கு என்ன கிடைத்தது?

கிடைக்காது என்று சொல்லமுடியாது. பல்லடத்திலிருந்து உடுமலை போகிற வழியில் இரண்டு பக்கமும் சுற்றுகின்றனவே காற்றாலைகள், அவற்றின் இறக்கைகளும் கண்ணாடி இழைதான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு வளைந்துகொடுத்து, முறியாமல், எடையில்லாமல் நீளும் அந்த வடிவம் கல்லுக்கோ மரத்துக்கோ இந்த அளவில் சாத்தியமில்லை. கொங்கு நாட்டில் ஃபைபரின் மிகச்சிறந்த சிற்பம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது, யாரும் அதைச் சிற்பமென்று செய்யாவிட்டாலும்.

வெளியே பார்த்தால் சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1950இல் கொண்டுவந்த ஃபைபர் நாற்காலி. அதுவரை விமானத்துக்கும் படகுக்கும் போய்க்கொண்டிருந்த பொருளை அவர்கள் மரம்போலவோ தோல்போலவோ பூசி மறைக்கவில்லை. உட்காரும் உடம்பின் வளைவை ஒரே ஓடாக எடுத்தார்கள். நிறத்தை ரெசினிலேயே கலந்தார்கள். கிட்டத்தில் பார்த்தால் இழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பது தெரியும். அதே ஈம்ஸ்கள்தான் இந்திய அரசின் அழைப்பில் வந்து, 1958இல் ஒரு அறிக்கை எழுதினார்கள். நம் சொம்பைப் பார்த்து அசந்துபோய் அதில் எழுதியிருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் கைகள் திருத்தித் திருத்தி வந்த வடிவம் அது என்று. அந்த அறிக்கையின் தொடர்ச்சியாகத்தான் அகமதாபாதில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. சொம்பைச் செய்த ஊரால், சொம்பின் நகலைச் செய்யாமல் இன்னொரு சொம்பைச் செய்ய முடியாதா என்பதுதான் கேள்வி.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் துவைகல்லுக்கு மேலே அப்பா ஒரு கூரை போட்டிருக்கிறார். ஏழெட்டு வருடம் இருக்கும். மீந்துபோன மேட்டையும் ரெசினையும் வைத்து, மோல்டு இல்லாமல், பழைய தண்ணீர்த்தொட்டியின் வளைவின்மேலேயே போட்டு எடுத்தது. ஜெல்கோட் இல்லை, பெயின்ட் இல்லை. அதனால் வெளிச்சம் ஊடுருவும். சாயங்காலம் நாலரை மணிக்கு மேற்கு வெயில் படும்போது, உள்ளே கிடக்கும் இழைகள் ஒவ்வொன்றாகத் தெரியும். மேட்டை எங்கே கிழித்து எங்கே ஒட்டுப்போட்டார், எங்கே பிரஷ் இரண்டாம் முறை போனது, எல்லாம் தெரியும். வெயிலில் கொஞ்சம் மஞ்சளாகிவிட்டது. அதற்குக் கீழே அம்மா துணி துவைக்கும்போது, சோப்பு நுரை முழுவதும் தேன்நிறமாக இருக்கும். சிறுவயதிலிருந்து நான் பார்த்த எந்த மண்டபத்திலும் இப்படி ஒரு வெளிச்சம் இருந்ததில்லை. மூன்று வருடங்களுக்கு முன் அந்தக் கட்டுரையை, இந்தக் கூரைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் எழுதினேன். மேலே பார்க்கவில்லை.

போன வாரம் இதைச் சொன்னேன். "இந்த மாதிரி செஞ்சு குடுங்கப்பா. கல்யாண மண்டபத்துக்கே மேல இப்படிப் போடலாம்."

அப்பா அண்ணாந்து ஒரு நிமிடம் பார்த்தார். "இதுக்கு யாரு சாமி காசு குடுப்பாங்க? ஓட்டையான கூரையாட்ட இருக்குதும்பாங்க" என்றார். பிறகு, "மூணு மேட்டு போட்டா மழைக்கும் தாங்கும்" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். அதற்குள் போன் அடித்தது. திருச்செங்கோட்டில் ஒரு மண்டபம், ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள் 24 தூண் வேண்டுமாம். யாளி வைத்தது.